கை பொறுக்கும் சூடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? என் குட்டிப்பயலுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன்.

இரும்பையே சீவுகிற கட்டர்களை உலையில் வைத்து உறுதியாக்குவதுதான் இங்கே என் வேலை. சிவக்கச் சிவக்கச் சுழன்றாலும் கூர் மழுங்காத எஃகு அது. வெளுக்கக் காய்ச்சி ஆறவைத்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தட்டினால் நொறுங்கும். அதனால் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதுமே அடுத்த உலைக்குள் தள்ள வேண்டும். சாதாரண எஃகை மறுபடி சுட்டால் இளகும். இதுவோ இன்னும் கெட்டிப்படுகிறது! உள்ளே கண்ணுக்குத் தெரியாத கெட்டியான பொடிமணிகள் விளைகின்றனவாம். எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

பயலுக்குக் காய்ச்சல் என்று நீ சொன்ன அன்று, ஒரு கட்டரை மேசையிலேயே மறந்துவிட்டேன். அது சில்லிட்டுப்போய் ‘டிக்’கென்று விரிசல் விட்டது. பயப்படாதே, உலைக்காரர் திட்டக்கூட இல்லை.

சூடு பார்க்க மீட்டர் இருக்கிறது. ஆனாலும் நேற்று, நீ அவன் நெற்றியில் வைப்பதுபோல், கட்டரின் மேல் புறங்கையை வைத்தேன். எடுக்க மனசு வரவில்லை.

“என்னம்மா, அதுக்குக் காய்ச்சலா?” என்றார் உலைக்காரர்.

“இப்பதான் இறங்குது” என்றேன்.

கட்டர் துடைக்கத் துணி வேண்டும். பயலுக்குச் சின்னதாகிப்போன பனியன்கள் இருந்தால் அனுப்பு. ஷிப்ட் மணி அடிக்கிறது, முடிக்கிறேன். பனியன்களைத் துவைக்காதே அம்மா, அப்படியே அனுப்பு.

உன் மகள்