நாலு வெள்ளைத் துண்டு

11 ஆகஸ்ட் 1986

இல்லை பாய், இந்தக் கதையெல்லாம் வேற ஆள்கிட்ட சொல்லு. கடையில் வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். மூணு வாட்டி ரிப்பேர் பண்ணியும் எங்கள் குப்பத்து மைக்செட் மூணு வாட்டியும் செத்தது. உள்ளே நாலு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதில் எப்போதும் ஒன்றுதான் கருகுகிறது. அது எப்படி?

பழவேற்காட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜலாலுதீன் பாய் சொன்னது: "நாலும் பங்கு போட்டு வேலை செய்யணும் நைனா. ஒண்ணு கொஞ்சம் சூடானா கரண்ட்ட ஜாஸ்தியா இஸ்துக்கும். இஸ்துக்க இஸ்துக்க இன்னும் சூடாவும். கடைசில அது கருகிப் பூடும்."

இந்த முறை ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸ் மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு வைத்துப் பற்றவைத்திருக்கிறான். எது அதிகம் இழுக்கிறதோ அதை அந்தத் துண்டு அடக்குமாம்.

அடக்குமாம்.

14 ஆகஸ்ட்

மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன். நாலு துண்டும் சுடுகிறது. சும்மா இருக்கிறது எதுக்குச் சுடணும்? கரண்ட்டைத் தின்னுது.

20 ஆகஸ்ட்

பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. சார்ஜ் போடுவது யார் கடையில்? அதே பாய் கடையில். இப்போ புரியுது.

தேவகியிடம் சொன்னேன். "காத்து அடிச்சா படகைக் கூப்புடத்தான் ஊருல அந்தப் பெட்டிய உங்கிட்ட குடுத்தாங்க. நாள் பூரா நீ அதுல ஊர்வம்பு பேசுனா பேட்டரி இன்னா பண்ணும்?" என்கிறாள். கட்டினவளும் பாய் பக்கம்.

2 செப்டம்பர்

முன்பெல்லாம் மைக்கில் கோவிந்தம்மாவின் மீன்குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் தெருக்கோடியிலிருந்து வசவு வரும். ரெண்டு வாரமாக வசவே இல்லை. சத்தம் குறைந்துவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேணும்?

5 செப்டம்பர்

செய்துவிட்டேன். நாலு துண்டின் ரெண்டு முனையையும் செம்புக் கம்பியால் முறுக்கிச் சேர்த்துவிட்டேன். கரண்ட் இனி கம்பி வழியாகப் போகும், துண்டுக்குப் பட்டினி.

"கோவிந்தம்மா, உங்க வூட்டுக் குழம்புல மீன் எங்க, ஏரியிலயே கீதா?" என்று கேட்டேன். மூச்சு விடும் முன்னே வசவு வந்தது. காது குளிர்ந்தது.

18 செப்டம்பர்

எங்கள் குப்பத்துச் சுப்பன் நடு ஏரியில் இருந்தான். "சுப்பா, காத்து வருது, கரைக்கு வா" என்று கூப்பிட்டேன். அடித்துப்பிடித்து வந்தான். காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊரே சிரித்தது. சுப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

19 அக்டோபர்



மதியம் ரேடியோவில் பலத்த காற்று என்றார்கள். என் மகன் வரதனுக்கு இன்று வலை போடும் பாடு முகத்துவாரத்துப் பக்கம். சீட்டுக் குலுக்கலில் விழுந்த இடம், மாற்ற முடியாது. சுப்பனும் அதே படகில். மைக்கைப் பிடித்தேன். "வரதா, சுப்பா, கரைக்கு வாங்க." ரெண்டு வாட்டி நல்லாக் கேட்டது. மூணாவதில் பெட்டியிலிருந்து கருகல் வாடை. அப்புறம் ஒண்ணுமே இல்ல.

கரையில் ஓடினேன். தோளில் கிடந்த துண்டை வீசிக் காட்டினேன். மழைதான் தெரிஞ்சுது.

பொழுது சாயும்போது கழி ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வலை போச்சு. சுப்பனின் உள்ளங்கைத் தோல் கிழிந்து தொங்கியது. வரதன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ரெண்டு வாட்டி கூப்ட்டது கேட்டுச்சு நைனா. திரும்பத்தான் பாத்தோம். அப்புறம் சத்தமே இல்ல. எப்பயும் போல வம்பு பண்றேன்னு நெனச்சிக்கினு வலைய போட்டோம்."

20 அக்டோபர்

பெட்டியைத் திறந்தேன். ஒரு டிரான்சிஸ்டர்தான் கருகியிருந்தது. மற்ற மூன்றும் பளபளவென்று.

நாப்பது வருஷம் இந்த ஏரியில் பாடு பிரிக்கச் சீட்டு எடுத்தவன் நான். சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? கை பலமானவன் தினமும் நல்ல இடத்திலேயே வலை போடுவான். இன்னும் பலமாவான். மற்றவனுக்குப் பட்டினி. ஒருநாள் வெட்டுக்குத்து. சீட்டு எடுக்க அரை நாள் வீணாகிறதென்று யாராவது அதை நிறுத்துவார்களா?

அந்த வெள்ளைத் துண்டு கொஞ்சம் தின்னுச்சு. தின்னட்டுமே.

கம்பியைக் கழற்றி ஏரியில் எறிந்தேன். பாய்க்குத் தெரிய வேண்டாம்.

21 அக்டோபர்

பழவேற்காடு போனேன். பாய் பெட்டியைத் திறந்தான். துண்டுகளின் முனையில் விரலை வைத்துத் தடவினான். என்னைப் பார்த்தான்.

"பாய், ஒரு விஷயம். நீ என்னை ஏமாத்தறன்னு நெனச்சி, நான்தான் அந்த—"

பள்ளிவாசலில் பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அங்கே இருக்கிற மைக்செட்டும் இவன் கைப்பட்டதுதான். ஒரு கரகரப்பு இல்லை.

பாய் எழுந்து தொப்பியை எடுத்தான். "கம்பி முறுக்குன தழும்பு அப்டியே கீது நைனா. கடைய பாத்துக்கோ, வந்துடறேன்."

மீதியைக் கேட்காமல் நடந்துவிட்டான். கல்லாப்பெட்டிகூடத் திறந்தே கிடந்தது.

அவன் திரும்பி வரும்வரை ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றையும் தொடவில்லை.