சத்தம் இல்லாத ஹைட்ரஜன்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெள்ளி, சனி விடுமுறை முடிந்து இன்று பள்ளி. காலையிலிருந்தே புழுக்கம். லேப்பில் காற்றாடி இரண்டும் அவுட். ஆபீஸில் சொல்ல வேண்டும். வாங்க: வெங்காயம், கிச்சாப், அம்மாவின் பிரஷர் மாத்திரை.

சூடானில் போரில் அடிபட்ட பள்ளி ஒன்றுக்கு உதவப் போகிறோம் என்று ஐந்தாம் படிவப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அங்கே நிவாரண வேலையில் இருக்கும் என் கல்லூரித் தோழியைப் பற்றி வகுப்பில் பேசியதால் வந்த வினை. பழைய பை, பழைய சீருடை வசூல் பண்ணலாம் என்று ஆரம்பித்தேன். தர்ஷினி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அவங்களுக்கு என்ன வேணும்னு மொதல்ல கேப்போமே."

எனக்குச் சுருக்கென்றது. சரி, கேட்டுப் பார் என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நல்ல மழை. தோழி வழியாகப் பதில். எழுதியவர் அங்கே வேதியியல் எடுக்கும் மிஸ் அமல். பள்ளி இடிந்து, ஒரு கிடங்கில் வகுப்பு. லேப் இல்லை. அடுத்த வாரம் வியாழன் அரசாங்கத் தேர்வு. பிள்ளைகள் ஒரு சோதனையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லையாம். செய்து, வீடியோ படம் எடுத்து அனுப்ப முடியுமா?

பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஒங்களுக்கே டிரையல் பரீட்சை வருது, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"நமக்கும் ரிவிஷன்தானே லா டீச்சர்." தர்ஷினிக்கு வாய், வாய்!

ஆகஸ்ட் 14, வியாழன்

பள்ளி விட்டதும் படப்பிடிப்பு. சோதனை செய்வது தர்ஷினி. கேமரா ஹக்கிம், சமயப் பள்ளியில் அரபு படித்தவன், அடியில் அரபு எழுத்தும் அவனே. அங்கே லைன் மோசம் என்பதால் எல்லாம் குட்டிக் குட்டிப் படங்கள்.

கடைசியில் ஹைட்ரஜன். எரியும் குச்சியைச் சோதனைக் குழாய் வாயில் காட்டியதும் 'டப்'. எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை.

"டீச்சர், இந்தச் சத்தம் வேணாம். அங்க குண்டுச் சத்தம் கேட்டுப் பயந்த பிள்ளைங்க. நாம வேற போய் டப்புன்னு..."

எத்தனை வருடமாக இதைச் செய்து காட்டுகிறேன்! எனக்குத் தோன்றவே இல்லை, பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது. அந்த இடத்தில் ஹக்கிம் சத்தத்தை வெட்டிவிட்டான். பெருமையை மறைக்க, "லேப்பைக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

வெயில். துணி காய்ந்தது. புக்கிட் செலம்பாவில் தர்ஷினி வீட்டுப் பக்கம் லைன் வராது. அவள் அப்பா மோட்டாரில் கொண்டுவந்து என் வீட்டில் விட்டார். ஹக்கிமும் வந்தான். எல்லாப் படமும் அனுப்பியாச்சு.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறா டீச்சர். வீட்ல ஒரு தட்டு கழுவ மாட்டேங்குறா." சொல்லும்போது அவள் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதில் இல்லை. ஓய்வு நேரத்தில் இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூம் வாசலில்.

"லைன் இல்லாம இருக்கும், டீச்சர். இல்லன்னா..." தர்ஷினி முடிக்கவில்லை. இரண்டாம் படிவத்திடம் காரணமில்லாமல் கத்திவிட்டேன். பாவம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வந்துவிட்டது! அங்கே நேற்றுதான் கரண்ட் வந்ததாம். ஒரே கைபேசியைச் சுற்றி மொத்த வகுப்பும் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பார்த்தார்களாம். மிஸ் அமல் ஆயிரம் நன்றி சொல்கிறார். கூடவே சல்மா என்ற மாணவியின் கேள்வி: ஹைட்ரஜன் படத்தில் சத்தமே இல்லையே, ஏன்?

ஹக்கிம் காரணத்தை அரபியில் பக்குவமாக எழுதி அனுப்பினான். பள்ளி விடும் நேரத்துக்குப் பதில் வந்தது. அவனே வாசித்துச் சொன்னான்.

"குண்டுச் சத்தம் எங்களுக்குத் தெரியும், அக்கா. ஹைட்ரஜன் சத்தம்தான் தெரியாது. தேர்வில் அதைத்தான் கேட்பார்கள். சத்தத்தோடு அனுப்புங்கள்."

சத்தத்தோடு எடுத்த அசல் படம் ஹக்கிமிடம் இப்போது இல்லை. தர்ஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, மறுபடி எடுக்க லேப் சாவி கேட்டாள். கொடுத்தேன்.