கொக்குப்பூ முளைக்கும் இடம்

1933 அக்டோபர் 14, சனி

வாலாஜாபாத்தில் ரயிலிறங்கி, சேறு மிதித்துத் தென்னேரி போய்ச் சேர்ந்தேன். ஏரிக்கரையின் உள்சரிவில், புல்லுக்குள், முழங்கால் உயரத் தண்டில் வெள்ளைப் பூ. கொக்குப்பூ! மூன்று வருஷமாகத் தேடியது. மொத்தம் பதினொரு செடி. அதில் ஆறு செடியைக் கிழங்கோடு பெயர்த்துப் பழைய பத்திரிகைத் தாளில் வைத்து அழுத்தினேன். இந்தத் தாலுகாவில் எங்கெங்கே முளைக்கிறதென்று பட்டியலும் கொடுத்தால், சென்னைத் தாவர சாஸ்திரப் புரொபசர் தம் கட்டுரையில் என் பெயரையும் போடுவாராம். பள்ளிக்கூட வாத்தியார் தேவராஜன் — அச்சில்!

வீடு திரும்பியதும் பெருந்தேவி என் சேற்று வேட்டியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "புஷ்பத்தைப் பெருமாளுக்குச் சாத்தாம காகிதத்துக்குச் சாத்தற ஒரே ஐயங்கார் நீங்கதான்."

அக்டோபர் 21

கரையில் எருமை மேய்க்கும் செல்லியம்மாளிடம், வேறு எங்கே பூத்தாலும் பார்த்துவைக்கச் சொன்னேன். இந்தப் பூ எனக்கு ரொம்ப முக்கியம் என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 22

மழை. தும்மல்.

அக்டோபர் 29, ஞாயிறு

வாசலில் செல்லியம்மாள். கூடை நிறையக் கொக்குப்பூ!

"வரதர் கோயிலுக்குத்தானே சாமி? கரை, ஓடை, களத்துமேடு, ஒண்ணு விடாம பறிச்சிக்கினு வந்துட்டேன்."

ஐயங்கார் ஒரு பூவை முக்கியம் என்றால் அவள் வேறென்ன நினைப்பாள்? ஆனாலும் கத்திவிட்டேன். அத்தனையும் போச்சே! அடுத்த வருஷம் ஒண்ணாவது முளைக்குமா?

அவள் அசரவில்லை. "பூவைத்தானே கிள்ளினேன்? கிழங்கு மண்ணுக்குள்ள இருக்குது. வர்ற ஐப்பசிக்கு வந்துடும். ஆறு செடியைக் கிழங்கோட பிடுங்கினது யாரு சாமி?"

பெருந்தேவி சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

நவம்பர் 4

புரொபசர் கடிதம். ஐம்பது செடி வேண்டுமாம், கிழங்குடன். பட்டியல் எங்கே என்றும் கேட்டிருக்கிறார். ஐம்பதா? பதில் போடவில்லை.

1934 நவம்பர் 3, சனி

செல்லியம்மாள் முன்னே நடக்க, ஒன்பது இடம் சுற்றினேன். எல்லா இடத்திலும் பூ. ஏரிக்கரையில் மட்டும் ஐந்தே செடி. நான் பெயர்த்த ஆறு இடத்திலும் வெறும் புல். ஒன்பது இடத்தையும், மண், ஈரம், நிழல் எல்லாவற்றோடும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சென்னைப் புரொபசருக்கு ஒரு கார்டு எழுதினேன்: "எவ்வளவு தேடியும் அகப்படவில்லை."

பெருந்தேவி வாங்கிப் படித்தாள். "பொய் எழுதறச்சே கையெழுத்து எவ்வளவு நன்னா வர்றது!" என்றாள். தபால் பெட்டியில் போட அவளே எடுத்துக்கொண்டு போனாள்.