பெரியம்மா ஒளித்து வைத்த மாதம்

ஜெலாப்பாங், ஈப்போ
22.4.1984

அன்பு மகன் சீனிக்கு அப்பா எழுதுவது. வீட்டில் அத்தனை பேரும் சுகம், உன் அம்மாவின் முழங்கால் நீங்கலாக. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனியாக ஒரு கடிதம் வேண்டும். தம்மாம் வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜனவரியிலிருந்து என் கடிதங்களில் "நவமணி நலம்" என்று இரண்டே சொல்லில் முடித்துவந்தேன். தந்தி மாதிரி எழுதுகிறீர்களே என்று நீயும் கோபித்துக்கொண்டாய். காரணம் உன் பெண்டாட்டிதான். போன தடவை பிள்ளை தவறிய அந்த ஆறாம் மாதத்தைத் தாண்டும்வரை உனக்கு ஒன்றும் எழுதக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிவிட்டாள். இப்போது தாண்டிவிட்டாள், ஏழு பிறந்துவிட்டது, எழுத உத்தரவும் கிடைத்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

பொங்கலுக்கு முந்திய வாரம் நவமணியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பஸ் குலுக்கும், என் மோட்டார் சைக்கிள் அதைவிடக் குலுக்கும் என்று உன் அம்மா என்னைக் கேட்காமலே தன் தம்பி மாயாண்டியைக் காரோடு வரச் சொல்லிவிட்டாள். அவன் மகள் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவன் அவன் என்பதும், எட்டு வருஷமாக நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதும் உனக்குத் தெரியும். போகும்போது முன்சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன், கழுத்து வலித்ததுதான் மிச்சம். உன் அம்மா முழங்காலோடு வீட்டில் தங்கிவிட்டதால், துணைக்கு உன் பெரியம்மா இருளாயி சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்தாள். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். நான் ஒரு மரத்தடியில் பேப்பர் படித்தேன், மாயாண்டி இன்னொரு மரத்தடியில் காரைத் துடைத்தான்.

பத்து மணிக்கு உள்ளே போனவர்கள் பன்னிரண்டுக்கு வந்தார்கள். பெரியம்மா முகமெல்லாம் பல். "ரெட்டைப் புள்ள மாதிரி இருக்காம்லா தம்பி! டாக்டரம்மா வவுத்தத் தொட்டுப் பாத்துட்டுச் சொன்னாங்க. புள்ள தங்குறதுக்குப் போடுற தையலுக்கு இன்னும் நாளு இருக்காம், அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க" என்றாள். பின்னாலேயே நவமணி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள். இரட்டைப் பிள்ளைக்கு யாராவது இப்படி அழுவார்களா? காரில் ஏறி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய பிறகு அதட்டிக் கேட்டேன். "நர்ஸு மிஸ்ஸி எத்தன மாசம்னு கேட்டாங்க மாமா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பெரியம்மா ரெண்டுன்னுட்டாங்க. அப்புறம் மிஸ்ஸி அவரு எங்கன்னு கேட்டாங்க. தீபாவளி முடிஞ்ச மறுவாரமே சவூதிக்குப் போயிட்டாருன்னு சொன்னேன். வெரல மடக்கி எண்ணிட்டு, என்னை ஒரு மாதிரி பாத்தாங்க" என்றாள். மீதியை அவள் சொல்லவில்லை. நான் கணக்கில் அவ்வளவு மோசமில்லை. அன்றைக்கு அவளுக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா சொன்ன கணக்குப்படி பார்த்தால், நீ விமானம் ஏறிய பிறகுதான் பிள்ளையே உண்டாகியிருக்கிறது!

எதற்கு இந்தப் பொய் என்று கேட்டால், பெரியம்மா என்னைப் படிக்காதவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். "தோட்டத்துல நாங்க எல்லாம் அப்படித்தான சொல்லுவோம். மெய் மாசத்தச் சொன்னா கண்ணு நேரா வந்து விழும். ஒண்ணு கொறச்சுச் சொன்னா, அது தப்பான மாசத்துக்குப் போயி ஏமாந்து திரும்பிரும்லா." ஊரார் கண்ணை ஏமாற்றுவது சரி, மிஸ்ஸியை ஏமாற்றலாமா? நவமணி திருத்திச் சொல்லப் போனபோது பெரியம்மா தொடையில் கிள்ளிவிட்டாளாம். வயிறு மாதத்துக்கு மிஞ்சித் தெரிந்ததால்தான் டாக்டர் இரட்டையோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார். தையலுக்கு நாள் இருக்கிறது என்று அனுப்பியதும் அதே பொய்யால்தான். உண்மையில் தையல் போட வேண்டிய வாரமே அதுதான். ஒரு மாதம் விட்டிருந்தால் போன தடவைபோல ஆகியிருக்கும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எட்டு வருஷத்தை மறந்து, "காரைத் திருப்பு!" என்று கத்திவிட்டேன். மாயாண்டி பிரேக்கை மிதித்து, பின்னால் வந்த லாரிக்காரனிடம் ஏச்சு வாங்கி, "என்கிட்டயா பேசுறீங்க மச்சான்?" என்றான். உன்னிடம்தான், திருப்பு என்றேன். "எங்க திருப்ப, தஞ்சோங் ரம்புத்தானுக்கா? இது ஒன்வே ரோடுலா மச்சான்!" என்றான். பைத்தியக்கார ஆஸ்பத்திரியைக் காட்டி என்னைக் கிண்டல் பண்ண எட்டு வருஷமாகக் காத்திருந்தான்போல. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து, டாக்டர் சாப்பிடப் போகுமுன் எங்களை வாசலில் இறக்கிவிட்டான்.

டாக்டர் ஒரு சீனப் பெண், உன் வயதுதான் இருக்கும். தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி பிச்சைமுத்துவுக்காக நான் வருஷக்கணக்கில் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் அன்றைக்குத்தான் என் வீட்டுக்கு உதவியது. மகன் செப்டம்பரிலேயே லீவில் வந்து தீபாவளி முடித்துப் போனதையும், மருமகள் பத்தரைமாற்றுத் தங்கம் என்பதையும், மாதம் ஏன் ஒன்று குறைந்தது என்பதையும் அந்தப் பெண்ணிடம் விளக்கி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டிலும் முதல் மூன்று மாதம் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஆனால் டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடுவோம் என்றார். நவமணியைத் திரும்ப அழைத்துச் சோதித்தார். வலி இல்லாமலே ஒரு தடவை தவறியிருப்பதால் கர்ப்பவாய் பலமில்லாமல் இருக்கலாம், கனம் ஏறுமுன் தைத்துவிட்டால் தாங்கும் என்றார். சிறுநீரைச் சோதித்ததில் கிருமி இருந்தது. அதுவும் பிள்ளையை முன்னாலேயே தள்ளிவிடுமாம், அதற்கு மாத்திரை கொடுத்தார். இரண்டாம் நாள் தையல் போட்டார்கள். இருப்பது ஒரே பிள்ளைதான். பெரியம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்.

அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சோதனை. நவமணியைக் கூடத்தில் படுக்க வைத்து, கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்திருக்கிறோம். வயிறு கல்லாக இறுகுகிறதா என்று கை வைத்துப் பார்க்கும்படி மிஸ்ஸி உன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் கொடுத்தார், இவள் காப்பி கலக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அங்கேதான் கை வைத்திருக்கிறாள். "அத்த, இது வவுறா, சப்பாத்தி மாவா?" என்று நவமணி கேட்கிறாள். ஆனால் மார்ச்சில் ஒரு நாள் விட்டுவிட்டு இறுகுவதைக் கண்டுபிடித்தது அந்தக் கைதான். உடனே கொண்டுபோய், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். அன்றைக்கும் மாயாண்டிதான் வந்தான், கைலியோடு. அதற்காக இரண்டாம் பந்தியை மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பேசுகிறேன், அவ்வளவுதான்.

ஜூன் மூன்றாம் வாரம் தையலைப் பிரிப்பார்கள். பிரித்த அன்றே வலி வரலாம், பத்து நாள் கழித்தும் வரலாம் என்கிறார் டாக்டர். போன தடவை உனக்கு லீவு கிடைக்கவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை நான்தான் கைநீட்டி வாங்கினேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, முகம் உன் முகம். நவமணி உன்னை வா என்று கேட்க மாட்டாள், லீவு போட்டால் வேலையும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். நான் யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாதவன். இப்போது கேட்கிறேன், வந்து சேர். இந்த முறை நீ கைநீட்டி வாங்கு. கணவர் இருப்பாரா என்று டாக்டர் கேட்டார், ஜூனில் இருப்பார் என்று சொல்லிவிட்டேன். இங்கிலீஷில் சொன்னது, இனி மாற்ற முடியாது.

முருகன் உன்னையும் உன் குடும்பத்தையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும், நீ நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசி. மறக்காமல் நவமணிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, எனக்கு எழுதுவதன் அடியில் இரண்டு வரி சேர்ப்பதெல்லாம் கடிதம் ஆகாது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
மு. உடையப்பன்