ஒட்ட வைத்த பூ

மார்ச் 4

இன்று அச்சகத்தில் மானம் போனது. மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கள்ளிச்செடியைப் பெருமையடித்துக்கொள்ள எடுத்துப் போயிருந்தேன். டம்ளர் அளவுத் தொட்டி, உருண்டையாகச் செடி, உச்சியில் ஒரு மஞ்சள் பூ. இரண்டு மாதமாக வாடாத பூ. என் கைராசி என்று பைண்டிங் பிரிவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மெஷின்மேன் சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பூவை நகத்தால் நெம்பிப் பார்த்தான். "அண்ணே, இது ஒட்டுன பூண்ணே. காய்ஞ்ச பூவைப் பசை வச்சு ஒட்டியிருக்கான்."

இருபது வருஷமாகப் புத்தகத்துக்குப் பசை தடவுகிறவன் நான். கண் எங்கே போயிருந்ததோ. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னால், அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். "காலையில எழுந்ததும் அதுகிட்டப் போய்ச் சிரிச்சிட்டு நின்னீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மகள் செடிக்கடையில் பில் போடுகிறாள். அங்கேயே வாங்கிய செடி. வேலை பார்க்கிற பிள்ளையையே ஏமாற்றியிருக்கிறான் அந்த முதலாளி! சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். தட்டைப் பார்த்தபடி "விடுங்கப்பா" என்றாள். எப்படி விடுவது?

மார்ச் 5

பூவைப் பிடித்து இழுத்தேன். செடியின் தோலும் சேர்ந்து வருகிறது. உச்சியில்தான் அது வளருமாம். அங்கேயே கொண்டுபோய்ப் பசையைக் கொட்டியிருக்கிறான். படுபாவி.

மார்ச் 8

கடைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

கூட்டமாக இருந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று குரலை உயர்த்தினேன். உயிருள்ள செடியின் தலையில் பசை ஊற்றுகிற கை விளங்குமா என்று கேட்டேன். முதலாளி கோபப்படவே இல்லை. "உங்க பொண்ணைத்தான் கேக்கணும் சார். ஒட்டுறது அவங்கதான்" என்றான்.

பின்பக்கத் தடுப்பிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கையில் பசையை உருக்கி ஊற்றுகிற க்ளூ கன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். பின்னால் வரிசையாகப் பூ இல்லாத செடிகள். பில் போடுகிற மேசையில் வேறு யாரோ ஒரு பெண்.

கை விளங்குமா என்று கேட்டேனே. அந்தக் கையையா?

மார்ச் 9

நேற்று வீட்டில் பெரிய சண்டை. எனக்கே ஒட்டிக் கொடுத்திருக்கிறாயே என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "வெறும் முள்ளைக் கொடுத்திருந்தா, இதுக்கா காசைக் கரியாக்குனேன்னு கேட்டிருப்பீங்கப்பா."

கேட்டிருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 15

மகள் என்னோடு பேசுவதில்லை. "அப்பாவை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்மா" என்கிறாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. எனக்கு மட்டும் கோபம் வராதா? பொய் சொன்னது யார்? ஊரைக் கூட்டிக் கத்தியது யார் என்கிறாள் மனைவி. இவள் எந்தக் கட்சி என்றே பிடிபடவில்லை.

மார்ச் 21

அச்சகத்திலிருந்து கொஞ்சம் ஸ்பிரிட் கொண்டுவந்தேன். பஞ்சில் தொட்டுப் பசையின் ஓரமெல்லாம் ஊறவிட்டேன். பொறுமையாகத்தான், ஆனால் திட்டிக்கொண்டே. பூ கழன்றது. அடியில் வெளிறிப்போன ஒரு வட்டம், புண் மாதிரி. முதலாளியை இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினேன். கதவோரம் மகள் நிற்பது தெரிந்தது. நான் திரும்பவில்லை. போகும்போது சுவரிடம் சொல்கிறவள்போல, "கொஞ்ச நாளைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. புண்ணு அழுகிடும்" என்றாள்.

ஏப்ரல் 2

அவளுக்கு வேலை போய்விட்டது. பூ எத்தனை நாள் இருக்கும் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அது ஒட்டியது என்று இவள் சொல்லிவிட்டாளாம். அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிவிட்டான். உண்மையைச் சொன்னதற்கு! அவன் கடையில் ஒரு தொட்டி மிச்சமில்லாமல் உடைக்கணும், அவனை — சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"இந்தத் தடவை போகாதீங்கப்பா."

நேராக என்னிடமே சொன்னாள். போகவில்லை. சட்டையைக் கழற்றவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 19

அவள் வேலை கேட்டு எங்கே போனாலும் முன்பு வேலை பார்த்த இடத்தைக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, அப்புறம் சொல்கிறோம் என்கிறார்கள். அந்த முதலாளி ஃபோனில் என்ன சொல்கிறானோ. அவன் நாக்கு அழுகிப் போக.

மே 3

செடியின் தழும்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் மிளகு மாதிரி இரண்டு குட்டிகள் முளைத்திருக்கின்றன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பூக்க ரெண்டு வருஷமாவது ஆகும்ப்பா. நீங்க பாட்டுக்குத் தினமும் போய் எட்டிப் பாக்காதீங்க" என்றாள். பிறகு, பைண்டிங்கில் ஆள் எடுக்கிறார்களாமே, ஃபோர்மேனைக் கேட்டுப் பார்க்கிறீர்களா என்றாள். "ஒட்டுறதுதானே. எனக்குக் கைவந்த வேலை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். நாளைக்குக் கேட்கிறேன் என்றேன்.

மே 11

இன்று அவளுக்கு முதல் நாள். எனக்கு எதிர் மேசை. மதியத்துக்குள் என்னை முந்திவிட்டாள். "அண்ணே, உங்க சீட்டுக்கு ஆபத்துண்ணே" என்று சோடாபுட்டி மெஷின்மேன் சொல்ல, எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகிறது. வேலை முடிந்து கை கழுவிவிட்டு விரலை மோந்து பார்த்தாள்.

"இந்த வாசனை போகவே போகாதாப்பா?"

"பழகிடும்மா" என்றேன்.

உன் விரலில் இது ஏறக்கூடாது என்றுதான் இத்தனை வருஷம் என் விரலில் ஏற்றிக்கொண்டேன் என்று சொல்லவில்லை.