யார் முதலில் தண்ணீர் கேட்டது?

என் பிரியமுள்ள அண்ணா,

சந்தைக் கொட்டகையைப் பிரிக்கிறார்கள். நேற்று கூரையை இறக்கிவிட்டார்கள், இன்று கம்பங்களைப் பிடுங்குகிறார்கள். அந்த இடத்தில் நிழற்குடை கட்டப் போகிறார்களாம். ஆமாம், நம் ஊருக்கு பஸ் வரப்போகிறது, ஒடுகத்தூரிலிருந்து நேராக. நீ இருந்திருந்தாலும் கண்டக்டர் உன்னை ஏற்றியிருக்க மாட்டார். உன் வாடை அப்படி.

கோபித்துக்கொள்ளாதே. உன்னைக் கிண்டல் செய்ய இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. மற்றவர்கள் செய்தது கிண்டல் இல்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஒரு பங்குனி மாதம் புளி ஏற்ற வந்த வியாபாரிகளின் லாரியில் நீ மலைக்கு வந்தாய். அவர்கள் போய்விட்டார்கள், நீ தங்கிவிட்டாய். சந்தைக் கொட்டகையின் மேற்கு மூலையில் படுக்கை. வெயிலோ மழையோ தோளில் ஒரு கோணி. அதனால் ஊர் உன்னைக் கோணி என்றே கூப்பிட்டது. "பேரு இன்னாணா?" என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வெச்சவங்க போய்ட்டாங்க, பேரும் அவங்களோட போய்ட்ச்சி" என்று சிரிப்பாய். குளிக்கச் சொன்னால் மட்டும் சிரிக்க மாட்டாய், எழுந்து ஓடிவிடுவாய்.

நம் மலையில் சாமை அடிக்கும் களத்துக்கு ஒருவன் வந்து நின்றால் அவனை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. களத்துக்காரர் விளைச்சல் பெருக "பொலி" என்று வாய்விட்டுச் சொல்லி ஒரு படி போடுவார். நீயும் கார்த்திகை வந்தால் களம் களமாகப் போவாய். ஒரு வருஷம் அப்படி வாங்கிய சாமையை கோணியோடு கொண்டுவந்து என் வாசலில் இறக்கினாய்.

"இன்னா இது?" என்றேன்.

"சீரு. தங்கச்சி வூட்டுக்கு. பொங்கி எனக்கும் கொஞ்சம் போடு."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. தை பிறந்தால் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அண்ணன் தம்பி சீர் கொண்டு வருவார்கள், நான் பால்வாடிப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை நீ எப்போது கவனித்தாய்? யார் உனக்குச் சொன்னது? அன்றைக்கு நான் உள்ளே போய் அழுதேன், உனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு வருஷமும் சீர் தவறவில்லை. நான் குத்திப் பொங்குவேன், நீ வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவாய். வீட்டுக்குள் வரச்சொன்னால் வர மாட்டாய்.

அந்த மார்கழியில் நான் பால்வாடிக் கூட்டத்துக்காக ஒடுகத்தூர் போய், சித்தி வீட்டில் தங்கிவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஜீப்பிலிருந்து இறங்கினால் கொட்டகை முன்னால் ஊரே நின்றது. விடியும் முன்னே, தண்ணிக்குப் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். நீ தலை உடைந்து கிடந்திருக்கிறாய். பக்கத்தில் ஒரு பெரிய கல் கிடந்ததாம்.

நான் பார்த்தபோது கல் இல்லை. ரத்தமும் இல்லை. தரையைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். உன்னை வெந்நீரில் குளிப்பாட்டி, தலை வாரி, திருநீறு பூசி, யார் வீட்டு வேட்டியோ ஒன்றைப் போர்த்திக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். உன் முகத்தை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன். அழுக்குக்குப் பின்னால் இருந்தது ஒரு சின்னப் பையன் முகம். என்னைவிட வயதில் குறைந்தவன் நீ. தம்பியைப் போய் இத்தனை நாள் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறேன், நீயும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாய்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேரையும் கடித்துத் துப்பியிருப்பேன். உயிரோடு இருந்தவரை உன்னைக் கண்டால் மூக்கைப் பொத்தியவர்கள், செத்தபிறகு காதுக்குப் பின்னால்கூட விடாமல் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஆனால் அவர்களை எப்படித் திட்டுவது? செத்தவனை அழுக்கோடு அனுப்பக்கூடாது, செத்த இடத்தை மெழுகாமல் விடக்கூடாது என்று இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். போலீஸ் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்பதுதான் யாருக்கும் தெரியாது. போலீஸ் அதுவரை நம் ஊருக்கு வந்ததே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார்கள். மெழுகிய தரையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாருய்யா குளிப்பாட்டச் சொன்னது?"

"மொறைங்க," என்றார் ஊர்க்கவுண்டர். "பொணத்த அப்டியே போட்டு வெக்கக்கூடாதுங்க."

"கல்லு எங்க?"

கல்லை ஓடையில் போட்டுவிட்டார்கள். ஓடையில் எத்தனையோ கல்.

"இவனுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க."

"நான் இருக்கேங்க," என்றேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். "நான் இவரு தங்கச்சிங்க."

ஏட்டு எழுதத் தயாரானார். "பேரு?"

"மல்லிகா."

"உன் பேரு இல்லம்மா. உங்க அண்ணன் பேரு."

அண்ணா, அந்த நேரத்தில் நான் நின்ற நிலை என் பகையாளிக்கும் வரக்கூடாது. ஊரே என்னைப் பார்த்தது. ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஏட்டு பேனாவை மூடிவிட்டார்.

உன்னைக் கீழே கொண்டுபோனார்கள். அறுத்துப் பார்த்தபிறகு எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தோம். "பேரே தெரியாத ஆள எங்கம்மா போய்த் தேட்றது?" என்றார் அங்கே இருந்த ஒருவர். கெட்டவர் இல்லை, அலுப்பில் சொன்னார். பிறகு கேஸை முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். அதோடு முடிந்ததாம்.

ஊரில் ஆளுக்கொரு கதை. சந்தனக்கட்டை ஏற்ற வந்தவர்களை நீ பார்த்துவிட்டாயாம். சாராயத் தகராறாம், நீ குடித்து நான் ஒரு நாளும் கண்டதில்லை. மலைக்குக் கீழேயிருந்து தேடி வந்த பழைய பகையாம். பகை வைக்கிற அளவுக்கு உன்னை யாருக்குத் தெரியும்? ஜீப் வந்த தடம் இருந்ததா என்று ஏட்டு கேட்டார். சாணி போட்டு மெழுகிய இடத்தில் தடத்துக்கு எங்கே போவது?

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அன்றைக்கு முதலில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னது யார்? இதை நான் கேட்காத வீடு இல்லை. ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டுவாள், அவள் மூன்றாவது ஆளைக் காட்டுவாள். கடைசியில் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா ஒருநாள் சாமை குத்திக்கொண்டே சொன்னாள். உன்னைக் குளிப்பாட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

"ஆம்பளக் கொரலு, மல்லிகா. 'தண்ணி காய வைங்க, சாணி கரைங்க, நிக்காதீங்க'ன்னு சொல்ச்சி. இருட்டு. நாங்க பயத்துல நடுங்கிக்கினு இருந்தோம். யாருன்னு திரும்பிப் பாக்கல."

"நம்மூர்க் கொரலாக்கா?"

"நம்மூர்க் கொரல்தான்."

அதோடு அவள் உலக்கையைத் தூக்கிவிட்டாள். நான்தான் அதையே போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முறை தெரிந்தவர் யாரோ நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அப்படி என்றால், நான் இத்தனை வருஷமாகக் கேட்கிறேனே, "நான்தாம்மா சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்வதில் அவருக்கு என்ன கஷ்டம்? முறை என்று சொல்லிவிட்டால் இந்த ஊர் மறுபேச்சு பேசாமல் எதையும் கழுவிவிடும் என்று தெரிந்த ஒருவன் சொல்லியிருந்தால்?

உன் கோணி என்னிடம்தான் இருக்கிறது. போலீஸ் அதை வேண்டாம் என்று மூலையிலேயே போட்டுவிட்டுப் போனது. நான் அதை இன்னும் துவைக்கவில்லை. இந்த ஊர் கழுவியது போதும்.

கார்த்திகை வந்தால் அதைத் தோளில் போட்டுக்கொண்டு களம் களமாகப் போகிறேன். முதல் வருஷம் சிரித்தார்கள், "டீச்சரம்மா பிச்சைக்கு வர்றாங்க" என்றார்கள். "எனக்கு இல்ல, எங்கண்ணன் பங்கு" என்று நின்றேன். வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே, போட்டார்கள். ஒவ்வொருவரும் என் முகத்துக்கு நேராக "பொலி" என்று சொல்லித்தான் போட்டாக வேண்டும். அந்தக் குரல்களைக் கேட்கத்தான் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சாமையைப் பொங்கி, பால்வாடிப் பிள்ளைகளுக்குச் சத்துணவோடு ஒருநாள் போடுகிறேன். மாமா வீட்டுச் சோறு என்று சொல்லித்தான் போடுகிறேன்.

போன கார்த்திகையில் முனியம்மா அக்கா தானாகவே "நானும் வர்றேன்" என்று கிளம்பினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு களத்தில் களத்துக்காரர் படியைக் கோணியில் கவிழ்த்து "பொலி" என்றார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். விட்டபோது அவள் நகம் பதிந்திருந்தது.

வழியில் கேட்டேன். "இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. குளிரு."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

அது யார் களம் என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு கை இறுகியதை வைத்து இன்னொருவனைக் கொலைகாரன் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இருட்டில் தண்ணிக்குப் போகிறவர்கள். உனக்கு நான் பேர் சொல்ல வேண்டியதும் இல்லை. உனக்குத் தெரியும். நிச்சயமாகத் தெரியாதது எனக்கு மட்டும்தான்.

கொட்டகை போகட்டும், அண்ணா. பஸ் வரட்டும். வருகிற கார்த்திகைக்கும் உன் கோணியை எடுத்துக்கொண்டு போவேன், அக்காவையும் கூட்டிக்கொண்டு. அந்தக் களத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பேன். அவள் குளிர் என்று சொல்வதை நிறுத்தும் வரைக்கும், வருஷா வருஷம் நிற்பேன்.

என்னைவிடச் சின்னவன் என்று தெரிந்தபிறகும், ஏட்டிடம் சொன்ன முறையை நான் மாற்றப் போவதில்லை.

உன் தங்கச்சி,
மல்லிகா