ரயில் மாறும் ஊரில் அப்பாவின் அறை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேலை வேலை என்று அலைந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பை நல்லபடியாக வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இடுப்பு வலி தவிர வேறு தொந்தரவு இல்லை. அப்பாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சித்தி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், பத்து நாள் கூட இருக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். காலையில் ஒரு ரயிலில் இறங்கினேன், அடுத்தது சாயங்காலம்தான். நடுவில் எட்டு மணி நேரம் இந்த ஊரில். எந்த ஊர் என்று உனக்குத் தெரியும். நீ நாலு வயசிலிருந்து எட்டு வயசு வரை அப்பா வேலைக்காகத் தனியாக இருந்த ஊர்.

நான் இதுவரை இங்கே வந்ததில்லை. பார்க்க ஒன்றும் கிடையாது. தகரக் கொட்டகைகள், லாரிகள், மர இலை கூடச் சாம்பல் நிறம். வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து பார்த்தேன், பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்லை. அப்பாவின் கடித உறைகளில் இருந்த விலாசம் எனக்கு இன்னும் மனப்பாடம். பெட்டியை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

போல்ட் கம்பெனிக்குப் பின்பக்கச் சந்தில் மாடி அறை. கீழே இஸ்திரிக் கடை. கடைக்கார அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். அறை காலியாகத்தான் கிடக்கிறது என்று சாவி கொடுத்தாள். ஒரு ஆள் நடக்க எட்டு அடி, ஒற்றை ஜன்னல், சாத்தினால் சாத்திக்கொள்ளாது, கம்பெனிச் சத்தம் அப்படியே உள்ளே வருகிறது. அங்கே நாலு வருஷம்.

அந்த அம்மாவுக்கு அப்பாவை ஞாபகம் இருக்கிறது. பெயர் மறந்துவிட்டதாம், 'கட்டில்காரர்' என்றாள். ஏன் என்று கேட்டேன். "பொண்டாட்டி புள்ள வரப்போறாங்கன்னு இந்த ரூமுக்கு அவரே பெயிண்ட் அடிச்சாரும்மா. புள்ளைக்குன்னு சின்னதா ஒரு கட்டில் வாங்கிப் போட்டாரு. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஸ்டேஷன்லயே நின்னாரு. வர்ற ரயிலெல்லாம் பார்த்தாரு. மூணாம் நாள் கட்டிலைத் தூக்கிட்டு வந்து, உங்க பையன் படுக்கட்டும்னு எங்கிட்ட குடுத்துட்டாரு" என்றாள். பிறகு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். தெரிஞ்சவங்க என்று சொல்லிவிட்டேன். வாயில் வேறு வரவில்லை.

கண்ணா, இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதனால்தான் எழுதுகிறேன். அப்பா நம்மைக் கூப்பிடவே இல்லை என்று உன்னிடம் சொன்னது பொய். கூப்பிட்டார். டிக்கெட்டும் அனுப்பினார். புகை ஊரில் பிள்ளையை வளர்க்க மாட்டேன் என்று வீம்பாக அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வரமாட்டேன் என்று இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம், அதைக்கூடச் செய்யவில்லை. நீ அப்பா எங்கே என்று அழுதபோது, அவருக்கு நாம் வேண்டாம் போலிருக்கிறது என்றேன். சின்னப் பிள்ளை, அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். திரும்பி வந்தவரிடம் நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கும் போன் செய்தால் அம்மாவிடம் கொடுங்கள் என்பதோடு சரி. அவர் ஒரு நாளும் உன்னிடம் உண்மையைச் சொல்லவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு ரயில் வந்தது. இறங்கினவர்கள் எல்லாம் போய் பிளாட்பாரம் வெறிச்சோடுகிறபோது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, "நீங்க இருந்த ரூமைப் பார்த்துட்டு வந்தேன்" என்றேன். "மாடிப்படி செங்குத்தா இருக்குமே, எப்படி ஏறினே?" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா பத்து நாள் வீட்டில் தனியாக இருப்பார். நீயாகப் பேசு. என்னைப் பற்றி விசாரிக்காதே, அவரைக் கேள். என்மேல் கோபம் வந்தால் என்னிடம் காட்டு, தாங்கிக்கொள்வேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்னிடம் பொய் சொன்ன,
அம்மா